இலவசமாகப் போன கை

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கடைக்குட்டி என்பதால் பிறந்த வீட்டில் ஒட்டிய பெயர், கல்யாணமாகி வந்த இடத்துக்கும் கூடவே வந்துவிட்டது. கணவர் குழாய் வேலை செய்பவர். யார் வீட்டில் எது ஒழுகினாலும் எது அடைத்துக்கொண்டாலும் ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பேச்சு குறைவு. தண்ணீர் என்ன வேகத்தில் வருகிறது என்பதைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் தானாக வாய் திறந்து அவள் கேட்டதில்லை. போனை எடுப்பது, நேரம் சொல்வது, கோபத்தில் கத்துகிறவர்களைச் சமாதானம் செய்வது எல்லாம் அவள் பொறுப்பு.

கொஞ்ச காலமாக அந்தப் போன் சரியாக அடிக்கவில்லை.

"இப்ப எல்லாரும் நெட்ல தேடித்தான் ஆளைக் கூப்பிடுறாங்க அண்ணி," என்றான் கொழுந்தன். ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். "நமக்கும் ஒரு வெப்சைட் வேணும். பாக்க அழகா இருக்கணும். சைட் அசிங்கமா இருந்தா வேலையும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்குவாங்க."

"அதுக்கு யாரைப் பிடிக்கணும்?"

"யாரையும் பிடிக்க வேணாம். டிசைன், எழுத்து, கலர், படம் எல்லாமே இலவசமா கிடைக்குது. நான் லிங்க் அனுப்புறேன். நீங்க எடுத்து எடுத்து வைக்க வேண்டியதுதான்."

எடுத்து எடுத்து வைப்பது என்றால் என்ன என்று மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான் பாப்பாவுக்கு விளங்கியது. அதாவது, விளங்காமல் போனது. முதலில், ஏற்கெனவே வடிவமைத்து வைத்திருந்த ஒரு டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்தாள். நீலமும் வெள்ளையுமாகச் சுத்தமாக இருந்தது. உள்ளே போனால் பத்தி பத்தியாக ஏதோ எழுத்து. ஒரு வார்த்தைகூட எந்த மொழி என்று பிடிபடவில்லை. கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"அது சும்மா இடத்தை நிரப்ப வச்சது அண்ணி. அர்த்தம் கிடையாது. அழிச்சிட்டு நம்ம விஷயத்தை எழுதணும்."

"அர்த்தம் இல்லாததை எதுக்கு இவ்வளவு நீளமா எழுதி வச்சிருக்கான்?"



எழுத்துருக்கள் இருந்த பக்கத்தில் ஒரே வாக்கியம் ஆயிரம் விதமாக நின்றது. மெலிந்தது, தடித்தது, சாய்ந்தது, சுருண்டது. பார்த்துக்கொண்டே இருந்ததில் கடைசியில் எல்லாம் ஒன்று போலவே தெரிந்தன. வண்ணங்களுக்கு ஒரு பக்கம். பொத்தானை அமுக்கினால் சேர்ந்து நிற்கக்கூடிய ஐந்து நிறங்களைக் கொடுக்கும். ஒருமுறை நெஞ்சு குளிர்கிற மாதிரி ஒரு சேர்க்கை வந்தது. 'இதுதான்' என்று நினைத்தபடியே கை பழக்கத்தில் இன்னொரு முறை அமுக்கிவிட்டாள். போனது போனதுதான். அதை மறுபடி பிடிக்க அவள் அமுக்கிய அமுக்கில் பொத்தான் தேய்ந்திருக்கும்.

சின்னப் படங்கள் வைத்திருந்த இடத்தில் 'குழாய்' என்று தேடினாள். புகை பிடிக்கிற குழாய் வந்தது, ஊதுகிற குழாய் வந்தது. தண்ணீர்க் குழாய் மட்டும் வரவில்லை.

மாலையில் கணவர் வந்ததும், "என்னங்க, சைட்டுக்கு என்ன கலர் வைக்கலாம்?" என்று கேட்டாள்.

"தண்ணி கலர்."

"தண்ணிக்கு ஏதுங்க கலர்?"

அவர் சற்று யோசித்தார். "ஆமா," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் அவள் இலவசப் புகைப்படங்களின் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். உலகமெங்கும் இருக்கிறவர்கள் எடுத்த படங்களை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. 'குழாய், தண்ணீர்' என்று தேடினாள். அருவிகளும் கடலும் போக, மூன்றாவது வரிசையில் ஒரு கை. திறந்த குழாயின் கீழே நீட்டிய பெண்ணின் கை. பக்கவாட்டிலிருந்து வெயில் விழுந்து, விரல்களுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடித் துண்டாக நின்றது. அழகான படம். முகப்பில் வைக்கலாம் என்று பெரிதாக்கினாள்.

கட்டைவிரலுக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டி பட்ட முக்கோணத் தழும்பு இருந்தது.

பாப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். படத்தில் சுவர் ஓட்டின் ஒரு மூலை உடைந்திருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். அதே ஓடு, அதே மூலை. குழாயைத் திறந்து கையை நீட்டினாள். ஈரக்கையோடு ஓடி வந்து மறுபடி திரையைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

போட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் குழம்பிய ஒரு கலவை இருந்தது. அந்தப் படத்தை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் டவுன்லோட் செய்திருந்தார்கள். படத்தை வைத்தே அது வேறெங்கே இருக்கிறது என்று தேடும் வித்தையைக் கொழுந்தன் சொல்லிக் கொடுத்திருந்தான். தேடினாள். ஒரு சோப்புக் கம்பெனி அவள் கையை வைத்திருந்தது. தியான வகுப்பு ஒன்று வைத்திருந்தது. ஒரு வங்கி, சேமிப்புக்கும் அவள் கைக்கும் என்ன சம்பந்தமோ, வைத்திருந்தது. விவாகரத்து வழக்குகளை நடத்தும் வக்கீல் ஒருவர், 'புதிய தொடக்கம்' என்ற வரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். புகைப்படப் பக்கத்தில் படத்துக்குக் கீழே எவரெவரோ எழுதியிருந்தார்கள்: இந்த வெளிச்சம், இந்த அமைதி, குழாயின் கழுத்தில் நிற்கும் அந்த ஒற்றைத் துளிதான் படத்தின் உயிர்.

வீட்டுக்குள் வந்து யார் எடுத்திருக்க முடியும்? கொழுந்தனிடம் நூல் விட்டுப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

அவரா என்று நினைத்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு புடவையைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லாத மனுஷன், ஏதோ ஒரு காலையில் பின்னால் நின்று பார்த்திருக்கிறாரா? பார்த்ததை அவளிடம் சொல்லத் தெரியாமல் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாரா? கோபப்படுவதா, உச்சி குளிர்வதா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று பயந்து கேட்காமல் இருந்தாள். அந்த வாரம் கைக்குக் க்ரீம் தடவிக்கொண்டாள். தட்டு வைக்கும்போது கை கொஞ்சம் அதிக நேரம் மேசைமேல் நின்றது.

அவர் கவனித்தார். "கையில என்ன, அரிக்குதா?" என்றார்.

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "இதைப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குள்ளேயே போய்விடுவது போலக் குனிந்து பார்த்தார்.

"இது நம்ம குழாய்," என்றார்.

"குழாயை விடுங்க. கை யாரோடது?"

"உன்னோடது. நீதானே தண்ணியைத் திறந்து காட்டின."

"நான் எப்பங்க காட்டினேன்?"

"கழுத்துல கசிஞ்சுதே, அப்ப. பழைய மாடல். வாஷர் சைஸ் தெரியலை. நெட்ல படம் போட்டா தெரிஞ்சவங்க சொல்லுவாங்கன்னு கடைக்காரர் சொன்னார். படம் போடுங்க, இலவசம்னு ஒரு இடத்துல இருந்துச்சு. போட்டேன்."

பாப்பா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தனையோ பேர் எழுதினாங்க," என்று அவர் தொடர்ந்தார். அவராக இவ்வளவு நீளம் பேசுவது அபூர்வம். அந்தக் குழப்பம் அவர் மனதில் ரொம்ப நாளாகக் கிடந்திருக்க வேண்டும். "அருமைங்கிறான், அற்புதங்கிறான். வாஷர் சைஸ் ஒருத்தனும் சொல்லலை. என்ன ஆளுங்கன்னே எனக்குப் புரியலை. அப்புறம் நானே பழைய டியூப்பை வெட்டிப் போட்டுட்டேன்."

"அப்ப கை?"

"கை மறைக்குது, நகர்த்துன்னு சொன்னேனே. நீ நகர்த்தலை."

அவளுக்கு அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது. இரண்டில் எதுவும் வந்து சேரவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துரச் சொல்லவா?" என்றார் கடைசியில்.

விதிமுறைகளைக் கொழுந்தன் படித்துச் சொன்னான். படத்தை நீக்கலாம். ஆனால் எடுத்துக்கொண்டவர்கள் எடுத்துக்கொண்டதுதான். திரும்பக் கேட்க முடியாது. "நீங்களும் எடுத்துக்கலாம் அண்ணி. உங்களுக்கும் இலவசம்தான்," என்றான். அவன் விளையாட்டுக்குச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் எடுத்தாள். தன் கையைத் தானே டவுன்லோட் செய்து முகப்பில் வைத்தாள். சைட் தயாரானது. பார்க்க உண்மையிலேயே நன்றாக இருந்தது.

முதல் அழைப்பு ஒரு பல் மருத்துவமனையிலிருந்து வந்தது. கை கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டதாம். பேசிய பெண் அங்கே மேலாளர்.

"உங்க சைட்ல இருக்கிற படம் எங்க சுவர்லயும் இருக்குங்க," என்றாள். "நெட்ல எடுத்ததுதானே. நீங்க செஞ்ச வேலையோட படம் ஏதாவது இருந்தா அனுப்ப முடியுமா?"

"அது என் கைங்க," என்றாள் பாப்பா.

"சரிங்க. ஆளை அனுப்புங்க," என்று மேலாளர் போனை வைத்துவிட்டாள்.

கணவரோடு பாப்பாவும் கிளம்பினாள். செய்த வேலையின் படம் வேண்டுமென்றால் யாராவது எடுக்கத்தானே வேண்டும். மருத்துவமனையின் காத்திருக்கும் அறையில் மருந்து வாசனை. கன்னத்தைப் பிடித்தபடி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில், கதவு அகலத்துக்கு, அவள் கை. கீழே 'கைகளைச் சுத்தமாக வைத்திருங்கள்' என்று எழுதியிருந்தது. தழும்பு ஓர் உள்ளங்கை அளவுக்கு இருந்தது.

கணவர் பையைக் கீழே வைத்துவிட்டு அதன் அருகே போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பாப்பா அவர் பின்னால் போய் நின்றாள். இவ்வளவு பெரிதாகப் பார்க்கும்போதாவது ஏதாவது தோன்றாதா?

"வாஷர் இல்லை," என்றார் அவர், திரும்பாமல். "கழுத்துல வெடிப்பு. இங்க பாரு. சின்ன படத்துல தெரியவே இல்லை."

உள்ளேயிருந்து மேலாளர் வந்தாள். "என்ன பாக்குறீங்க?"

"இது எங்க வீட்டுக் குழாய்," என்றார். பிறகு பாப்பாவைக் காட்டி, கொஞ்சம் கூச்சத்தோடு, "கை இவங்களோடது. தண்ணி எவ்வளவு குளிர்ச்சியா இருந்தாலும் அசையாம பிடிப்பாங்க," என்றார்.

மேலாளர் பாப்பாவின் கையைக் கேட்டு வாங்கிச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். காத்திருந்தவர்களும் வலியை மறந்து எட்டிப் பார்த்தார்கள். "சுவர்ல இருக்கிறது இடது கை மாதிரி இருக்கு," என்றார் ஒருவர். "இதுவும் இடது கைதான்," என்றார் இன்னொருவர். மேலாளர் நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "தொட்டி உள்ள இருக்குங்க," என்று கூட்டிப் போனாள்.

கணவர் சொன்னது பாராட்டா என்று யோசித்துக்கொண்டே பாப்பா படம் எடுத்தாள். எதுவும் சரியாக வரவில்லை. தொட்டிக்கு அடியிலிருந்து அவருடைய கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் வாளி, கறுப்புத் தண்ணீர், அடைப்பிலிருந்து எடுத்த பஞ்சு உருண்டை. அந்தப் படத்தைத்தான் சைட்டின் முகப்பில் மாற்றி வைத்தாள். இப்படி அழகைக் கெடுத்துவிட்டீர்களே என்று கொழுந்தன் வருத்தப்பட்டான். போன் அடிக்க ஆரம்பித்தது. காரணம் அந்தப் படமா, மேலாளர் நாலு பேரிடம் சொன்னதா, அவளுக்குத் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் அவர் வீட்டுக் குழாயைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டினார்.

"நல்லாத்தானேங்க இருந்துச்சு," என்றாள் பாப்பா.

"வெடிப்பு இருக்கே," என்றார் அவர். திறந்து பார்க்கும்படி சொல்லிவிட்டுத் துண்டோடு பக்கத்தில் நின்றார்.

புதுக் குழாய் எதிர்ப்பக்கம் திறந்தது. மூடுவதாக நினைத்து அவள் திருப்பியதில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து இருவரையும் நனைத்தது.