காளியாயியின் கழுத்தும் நான் கிழித்த முடிவுகளும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. 1989, ஆனி மாதம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு கிழவர் பக்கத்திலிருந்த கிழவியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். கிழவி கழுத்தில் வெள்ளைப் பட்டை. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அவர் பிடியை விடவில்லை.

"பெரியவரே, தல எங்கயும் ஓடிப்போயிராதுங்க," என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. கிழவர் சிரிக்கவில்லை.

பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. காளியாயி தன் சாவை எதிர்பார்த்து…"

அடித்துவிட்டேன். மலைக்கதை என்றாலே பனியை இறக்கிவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு.

இரண்டாவது: காளியாயி, வயது அறுபத்தேழு, கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் நாற்பது வருஷம் காப்பிப் பழம் பறித்தவள். ஒரு வருஷமாகக் கை மரத்து, விரல் சொன்ன பேச்சு கேட்காமல் போயிற்று. கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை நெருக்குகிறது என்று சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் ஆறு வாரமாகியும் புருஷன் நல்லமுத்துதான் ஊட்டிவிடுகிறார். தன் கையால் ஒரு வாய் தின்ன வேண்டும். காளியாயிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அழகான தொடக்கமில்லை. போகட்டும், நிற்கிறது.

3

வில்லன் வேண்டுமே? நல்லமுத்துதான். கெட்டவரில்லை, பிரியம் கூடிப்போனவர். எஸ்டேட் நாற்றுப் பண்ணையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு ஒரே சட்டம்தான் தெரியும்: பிடுங்கி நட்ட கன்றுக்கு நிழல் வேண்டும், முட்டுக்குச்சி வேண்டும், வேர் பிடிக்கும்வரை அசைக்கக் கூடாது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஆரோக்கியசெல்வி, வீட்டுக்கு அனுப்பும்போது ஐந்து விஷயம் சொன்னாள். தலைச்சுமை கூடாது, கழுத்தை வெடுக்கென்று திருப்பக் கூடாது, தினமும் நடக்க வேண்டும், விரலை மடக்கி நீட்ட வேண்டும், முட்டையும் பருப்பும் தின்ன வேண்டும். கிழவர் காதில் முதல் இரண்டுதான் விழுந்தன. பெண்டாட்டியைச் சன்னல் சாத்திய அறையில் கிடத்தி, இரண்டு பக்கமும் தலையணையால் முட்டுக் கொடுத்துவிட்டார்.

"ஏனுங்க, வெளிய கொஞ்சம் காலாற நடக்கறனுங்க."

"அசையாத புள்ள. வேர் புடிக்கோணும்."

"எனக்கென்ன வேரா உடுது? எந்திரிக்க உடுங்க."

"கம்முனு கெட."

(இந்த இடத்தில் அவரைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். ஊட்டும்போது ஒவ்வொரு வாயையும் ஊதி ஆற்றுகிறார் என்று பேனா எழுதிவிட்டது. அதற்குமேல் திட்ட மனசு வரவில்லை.)

4

பஸ் சேலம் வந்துவிட்டது. மறுபடி காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆரோக்கியசெல்வி காளியாயியின் காலைப் பிடித்துப் பார்த்துப் பதறிப்போனாள்.

"என்னங்கய்யா இது, காலு இப்பிடிச் சூம்பிக் கெடக்குது? வயசானவங்களப் படுக்கப் போட்டா இருக்கற தெம்பும் போயிருமுங்க."

"அவ நட்ட கன்னு மாதிரிங்க. அசைச்சாப் பட்டுப்போயிரும்," என்று நல்லமுத்து முறைத்தார்.

இங்கே நர்ஸுக்கு ஒரு நீண்ட சொற்பொழிவு எழுதி வைத்திருந்தேன்.* காளியாயி முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க, நாத்துமேல நெழலுக்குப் போட்ட பந்தல நடவு வரைக்கும் அப்பிடியேவா உட்டுவெப்பீங்க?"

"அதெப்பிடி? கொஞ்சங் கொஞ்சமாப் பிரிச்சு வெயில் காட்டோணும். இல்லீன்னா வெளிறி நோஞ்சானா…"

கிழவரின் பார்வை பெண்டாட்டியின் சூம்பிய காலுக்குப் போனது.

"அப்ப என்ற பந்தல எப்பப் பிரிப்பீங்க?"

சபாஷ் கிழவி! சத்தியமாக எனக்கு இது தோன்றவே இல்லை.

* அதைக் கிழித்துப் போட்டேன். நீங்கள் இழந்தது ஒன்றுமில்லை.

5

முடிவு ஒன்று: திரும்பும் வழியில் காளியாயி… கூடாது. யாராவது செத்தால்தான் இலக்கியம் என்று எவன் சொன்னான்?

முடிவு இரண்டு: அடுத்த பறிப்பில் எல்லாரையும்விட அதிகம் பறித்து… சினிமா.

ஆகவே நடந்ததை, அதாவது நான் நடத்தியதை, சொல்கிறேன். முதல் வாரம் வாசல் வரை நடந்தாள். அப்புறம் தண்ணீர்க் குழாய் வரை. நல்லமுத்து தொடாமல், கையை மட்டும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். முறத்தில் காப்பிக்கொட்டையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முதல் நாள் எட்டு வந்தது. ஆத்திரத்தில் முறத்தைத் தள்ளிவிட்டு அழுதாள். மறுநாளும் உட்கார்ந்தாள்.

டாக்டர் பட்டையைக் கழற்றச் சொன்ன மறுவாரம், ஒரு மத்தியானம். நல்லமுத்து ராகிக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்தார். வழக்கம்போல ஒரு வாய் பிட்டு ஊதினார்.

"தட்டக் கீழ வெய்யுங்க," என்றாள்.

வைத்தார். காளியாயி களிக்குள் விரலை விட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஆ! சுடுதுங்க!"

"அய்யய்யோ, நாந்தான் சொன்னனே…"

"சுடுதுங்க! எனக்குச் சுடுறது தெரியுதுங்க!"

ஒரு வருஷமாகக் கட்டையாகக் கிடந்த விரல்! கிழவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிட்டாள், குழம்பில் தோய்த்தாள். பாதி சேலையில் விழுந்தது. பாதி வாய்க்குப் போனது. ஜெயித்துவிட்டாள்! நல்லமுத்து குந்தினபடியே குலுங்கி அழுதார்.

"எதுக்கு அழுவறீங்க? களியில உப்பு நொம்பக் கம்மி. இத்தன நாளும் கம்மிதானுங்க. ஊட்டறவர்கிட்டச் சொல்ல வேண்டாம்னு கம்முனு இருந்தேன்."

6

இங்கே கனமாக ஒரு கடைசி வரி வைக்க வேண்டும். நான்கு எழுதி நான்கையும் கிழித்தேன். அவள் மறுபடி காட்டுக்குப் பறிக்கப் போவாளா, அந்தக் கழுத்து இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்றெல்லாம் உங்களுக்குக் கேள்வி இருக்கும். தாராளமாக அவளிடமே கேளுங்கள். ஆனால் சாப்பிடுகிறவர்களை இடையில் எழுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கொஞ்சம் பொறுங்கள். அவள் இன்னும் கை கழுவவில்லை.