டார்ச்சை ஆட்டாதே

லேப்டாப்பின் டச்பேட் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டபோது, அடியில் தூசி புகுந்திருக்கும் என்று நினைத்து, தினமும் வேலை முடிந்ததும் அதன்மேல் கனமான அகராதியை வைத்து அழுத்தினேன். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். அகராதிக்கு அதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

"அறிவிருக்கா உனக்கு? உள்ள பேட்டரி வீங்கிக் கெடக்கு. நீ ஏறி உக்காராததுதான் பாக்கி" என்றார் என் கணவர்.

கடையில் கொடுக்கலாம் என்றேன். முறைத்தார். "பத்து மாடி லிஃப்டக் கழட்டி மாட்டுறவன வீட்ல வச்சிக்கிட்டு, இதுக்குக் கடையா?" அன்றைக்கே புது பேட்டரிக்கு ஆர்டர் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்து வைத்தோம். அதன் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து வைத்திருந்தேன். கழற்றிய ஸ்க்ரூவைத் தாளில் அதனதன் இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. ஓரத்தில் இருப்பவை நீளம், நடுவில் இருப்பவை குட்டை. மாறிப்போனால் நீளமானது உள்ளே எதையாவது குத்திவிடும்.

"கலெக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் வரிசையில நில்லுங்க" என்று ஸ்க்ரூக்களைப் பார்த்துச் சொன்னார்.

பால்கனியில் ஒரு வாளி மணலும் வைத்திருந்தேன். வீங்கிய பேட்டரியில் பொத்தல் விழுந்தால் புகைந்து தீப்பிடிக்கும் என்று படித்திருந்தேன்.

டார்ச் பிடிப்பது என் பங்கு. முதல் ஸ்க்ரூவில் வைத்த ஸ்க்ரூடிரைவர் வழுக்கி மூடியைக் கீறியது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது.

"லைட்ட ஆட்டாத."

முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டேன். வெளிச்சம் ஆணி அடித்தது போல நின்றது. அந்த வெளிச்சத்துக்குள் ஸ்க்ரூடிரைவரின் நிழல் மட்டும் பூச்சியின் கால் மாதிரி துடித்துக்கொண்டிருந்தது.

"ஆட்டாதங்கறேன்ல?"

"சரி" என்றேன்.

காபியை இப்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். பொத்தான் வைத்த சட்டைகளை ஒதுக்கிவிட்டு, தலைவழியாக மாட்டுகிற பனியன் சட்டைகளையே போடுகிறார். கன்னத்தில் ஷேவிங் வெட்டு. ஒவ்வொன்றையும் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார், நம்பினேன்.

எப்படியோ மூடி வந்தது. பேட்டரி குட்டித் தலையணை மாதிரி உப்பியிருந்தது. முதலில் அதன் ஒயரைப் பிடுங்கினார். அடியில் பசை. காலாவதியான பஸ் பாஸ் அட்டையை ஓரத்தில் செருகி நெம்பத் தொடங்கினார். நெம்பும்போதே கை ஒரு வெட்டு வெட்டியது. அட்டையின் முனை பேட்டரியின் உறையில் அழுந்திப் பள்ளம் விழுந்தது. புகை வரவில்லை.

டார்ச்சைக் கீழே வைத்தேன்.

"எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?"

"கை."

"ராத்திரி தூக்கம் சரியில்ல. அதான்."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

அவர் அட்டையை என்னிடம் நீட்டினார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு வேலையைப் பாதியில் அவர் கைமாற்றி நான் பார்த்ததில்லை. வாங்கி, மெல்ல மெல்லப் பசையை விடுவித்தேன். பழையதைப் பால்கனிக்குக் கொண்டுபோய் மணலில் புதைத்துவிட்டு வந்து, புதியதைப் பொருத்தி, தாளைப் பார்த்து ஸ்க்ரூக்களைப் போட்டேன். அவர் டார்ச்சை எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லேப்டாப் உயிர் பெற்றது. சார்ஜ் ஏறத் தொடங்கியது.

"முடிஞ்சுதுல்ல? விடு" என்றார்.

"நாளைக்கு என்ன வேல?"

"பிரேக் மாத்தணும்."

பிரேக் என்றால் எனக்குத் தெரியும். உச்சியில் மோட்டார் அறையில் நின்று அதைக் கழற்றி முறுக்குவது இவர். கீழே லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பிகளைப் பார்ப்பது, இவரோடு வேலை செய்யும் நெட்டைப் பையன். அந்த முறுக்கு சரியில்லாவிட்டால் லிஃப்ட் அவனோடு சேர்ந்து ஓடிவிடும். ஒட்டடைக்கம்பு மாதிரி இருப்பதால் அவனுக்கு ஒட்டடை என்றே பெயர்.

"ஒட்டடைக்குத் தெரியுமா?"

"அவனுக்கு எதுக்கு?"

"அவனுக்குத்தாங்க தெரியணும்."

"சொன்னா அப்புறம் என்னய எவன் உள்ள விடுவான்? கேட்ல உக்காந்து சல்யூட் அடிக்கச் சொல்றியா?"

அவர் ஃபோனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒட்டடையின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன அண்ணே, ஆபரேஷன் முடிஞ்சுதா? லேப்டாப் பொழச்சுதா, அண்ணி பொழச்சாங்களா?"

"ரெண்டும் பொழச்சுதுடா" என்று சிரித்தார்.

"நாளைக்கு வழக்கம்போலத்தானே? நீங்க மேல, நான் கூரைல?"

அவர் என்னைப் பார்த்தார். "ஆமாண்டா. வழக்கம்போலத்தான்." ஃபோனை வைத்துவிட்டார்.

அதை எடுத்து அதே எண்ணை அழுத்தினேன். பிடுங்குவதற்கு அவர் கை மேசையில் பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது.

"என்ன அண்ணே, மறந்துட்டீங்களா?"

"அண்ணி பேசறேன்பா. நாளைக்கு நீ கூரைமேல ஏறாத."

"ஏன் அண்ணி? அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

ஃபோனை அவர் பக்கம் தள்ளினேன். ஒட்டடை இரண்டு தடவை "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டான். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"இருடா" என்றார். "சொல்றேன்."