சிவப்புப் பேனா

பேருந்து நிலையத்தில் தாமதமாக வரும் வண்டிகளைச் சிவப்பு மையால் குறித்து வைப்பது அவர் வேலை. அதனால் சட்டைப் பைக்கு அடியில் செந்நிறமாய்க் கறை பட்டபோது, பேனா ஒழுகுகிறது என்றே நினைத்தார். மூன்று பேனா மாற்றியாயிற்று, கறை நிற்கவில்லை. மனைவி இருந்திருந்தால் முதல் சட்டையிலேயே பிடித்திருப்பாள். அவள் போய் நான்கு வருடம். இப்போது துணி துவைப்பது இயந்திரம். அது ஒன்றும் கேட்பதில்லை. ஒருநாள் குளிக்கும்போது இடது காம்புக்குக் கீழே பட்டாணி அளவில் கெட்டியாய் ஏதோ விரலில் தட்டியது.

மார்பகப் பரிசோதனைப் பிரிவுக்கு டாக்டர் சீட்டு எழுதினார். ஆம்பளைக்குமா என்று இவர் கேட்க, மார்புத் திசு ஆணுக்கும் கொஞ்சம் உண்டு, நோய் வருவது அரிது, தள்ளிப்போடுவதுதான் ஆபத்து என்றார்.

அங்கே நாற்காலியெல்லாம் பெண்கள். வரவேற்பில் இருந்த பெண் நிமிராமலே டோக்கனை நீட்டினாள்.

"பேஷண்ட் எங்க சார்?"

வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. "வருவாங்க" என்று சொல்லிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தார்.

பக்கத்திலிருந்த அம்மாள், வீட்டம்மாவுக்கு எந்தப் பக்கம் என்று விசாரித்தார். இடது என்றார் இவர்.

"நீங்களாவது கூட வந்தீங்களே. எங்க வீட்டுக்காரர் வண்டிய நிறுத்த இடம் தேடப் போனவரு, ரெண்டு மணி நேரமா தேடுறாரு."

இவரும் சிரித்து வைத்தார். பதினேழு என்று இரண்டு தரம் கூப்பிட்டார்கள். கையில் இருந்ததும் பதினேழுதான். எழுந்திருக்கவில்லை. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

"மூடப்போறோம் சார். வீட்டம்மாவுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்."

"போடலாம்மா. எடுக்கத்தான் ஆள் இல்ல." டோக்கனை மேசையில் வைத்தார். "பேஷண்ட் நான்தான்."

உள்ளே, படம் எடுக்கும் அம்மாளுக்கு ஓய்வு பெறும் வயது. மார்பில் இருக்கிற கொஞ்சச் சதையை இழுத்து, சில்லென்ற தட்டில் வைத்து அழுத்திவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனார்.

"மூச்சப் பிடிச்சுக்கோம்மா. அசையாத கண்ணு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க சார், வாய்ப்பழக்கம்."

பரவாயில்லை என்றார் இவர். அந்த அம்மாள் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் குரலைத் தணித்து, வேறு கோணத்தில் இன்னொரு படம் வேண்டும் என்றார்.

"எடுங்க" என்றார் இவர், தட்டைப் பார்த்தபடி. "முன்ன சொன்ன மாதிரியே சொல்லுங்க."