இரண்டு பேர் அகலத்தில் ஒரு கரை

கப்பலில் மூன்றாம் நாள் காலை, கரை எடுக்க வரலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நல்ல கரைகள் மத்தியானத்துக்குள் போய்விடும், பிறகு வந்து வருத்தப்படக் கூடாது என்றும் சொன்னார்கள். தீவு தீவாகக் கப்பல் போய் நிற்பதெல்லாம் பழைய வழக்கம். இந்தக் கப்பலில் வெயில் தேசத்துக் கரைகளை மடித்து உள்ளேயே வைத்திருந்தார்கள். பிடித்ததை எடுத்து, விரிக்கச் சொல்லி, இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

செண்பகவல்லிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கோவில்பட்டியில் அவள் எடுக்காத கரையா? தன் கல்யாணத்துக்கு, இரண்டு மகள்களின் கல்யாணத்துக்கு, நாத்தனார் மகளின் வளைகாப்புக்கு என்று எத்தனையோ பட்டுப் புடவைகளின் கரையையும் முந்தியையும் தடவிப் பார்த்தவள். புடவைக்குக் கரை இருந்தால் கடலுக்கும் இருந்துவிட்டுப் போகட்டும். அவளுடைய கவலை வேறு.

அவளுடைய கணவர் கோமதிநாயகம் நல்ல மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, வீட்டில் சத்தம் கிடையாது. எங்கே கூப்பிட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்.

"நீ போயிட்டு வா."

குற்றாலத்துக்குக் கூப்பிட்டாலும் அதுதான், மகள்களின் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டாலும் அதுதான். அவளுடைய அப்பா இறந்த செய்தி வந்தபோதுகூட முதலில் அதைச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டார். ஜவுளிக்கடையில் புருஷன்மாருக்கென்று வாசலருகே ஒரு நாற்காலி போட்டிருப்பார்களே, அது அவருக்கு அளவெடுத்துச் செய்தது. கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்காருவார். எந்தப் புடவையைத் தூக்கிக் காட்டினாலும் திரும்பாமலே நல்லாயிருக்கு என்பார்.

மகள்கள் இரண்டு பேரும் சேர்ந்து பணம் கட்டி, அவர் வாய் திறப்பதற்குள் காரில் ஏற்றிக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். ஏதாவது ஒரு கரையில் அவர் தன் பக்கத்தில் நடந்து வர வேண்டும். செண்பகவல்லிக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். இது சின்ன ஆசை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கப்பல் ஏறிய அன்றே அவளுக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சம்பழத்துக்கும் குமட்டியது. டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாள். டாக்டர் அறைக்குப் போகும் நடைபாதை, நடக்க நடக்க நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. அவளுக்குத்தான் நின்று பழக்கமில்லையே. போய்ச் சேர்வதற்குள் வயிற்றிலிருந்த இட்லியெல்லாம் வெளியே வந்து தீர்ந்துவிட்டது.

டாக்டரம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். நாக்கை நீட்டச் சொல்லி, ஊஞ்சல் முன்னால் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தாள். மாத்திரையெல்லாம் வேண்டாம், ஆடாத பொருள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றாள். சாதாரணமாக அடிவானத்தைத்தான் பார்க்கச் சொல்வார்களாம். அதை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்கள், எப்போது வரும் என்று தெரியாது என்றாள்.

பிறகு கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். நடைபாதையில் கிடந்த நாற்காலியில் கோமதிநாயகம் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"அது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"எவ்வளவு நேரமா இப்படி இருக்காரு?"

"கல்யாணம் ஆனதுலருந்து."

டாக்டரம்மா ஊஞ்சலை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அவரை நன்றாகப் பார்த்தாள். சாப்பிட்டதும் இவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் சட்டையில் 'ஆடாத பொருள், தொடாதீர்கள்' என்று ஒரு வில்லையும் ஒட்டினாள்.

செண்பகவல்லி பார்த்தாள். குமட்டல் நின்றுவிட்டது.

இப்படிப்பட்ட விஷயம் கப்பலில் மறைந்திருக்குமா? மறுநாளே மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஈரோட்டிலிருந்து தேனிலவுக்கு வந்த ஜோடி வந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். நாற்காலியை மேல்தளத்து நடுவில் தூக்கி வைத்தார்கள், அவரோடு சேர்த்தேதான். சுற்றி வரிசை வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கேப்டன் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இனி நங்கூரம் தேவையில்லை என்று அதைச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டார். இடியாப்பம் பிழிய வசதியாக இருந்ததாம்.

கோமதிநாயகத்துக்கு அதில் பெருமை இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. முகமும்தான் ஆடவில்லையே.

மூன்றாம் நாள் செண்பகவல்லி கரை எடுக்கப் போனாள். கூடத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைகள் கிடந்தன. சுவர் முழுக்க அலமாரி. அடுக்கி வைத்த கரைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் அளவு நாடா போட்ட விற்பனையாளர் ஒருவர் அவளை உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"உடம்பு எப்படிக்கா வேணும்?"

"உடம்பு சரியில்ல. இப்பத்தான் கொஞ்சம் தேவலை."

"அப்ப கரை மட்டும் பாருங்க."

முதலில் ஒரு தென்னந்தோப்புக் கரையை உதறி விரித்தார். மெத்தை முழுக்க மணல் கொட்டியது. ஒரு தேங்காய் உருண்டு போய் அடுத்த மெத்தையில் இருந்த அம்மாளின் முட்டியில் இடித்தது. செண்பகவல்லி மணலை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, கொஞ்சம் மொடமொடப்பு என்றாள். எரிமலைக் கரையைக் காட்டினார். பார்க்கப் பிரமாதம், ஆனால் கனம், விசேஷத்துக்கு மட்டும்தான் ஆகும் என்று அவரே ஒத்துக்கொண்டார். பவளப்பாறைக் கரையில் மீன்கள் மாட்டிக்கொண்டு துடித்தன. அவற்றைப் பார்க்கவே பாவமாக இருந்தது. குரங்குக் கரையிலிருந்த குரங்கு அவள் மோரைக் குடித்துவிட்டது.

"சாயம் போகுமா?" என்று கேட்டாள்.

அவர் சன்னலைக் காட்டினார். வெளியே கடல் நீலமாகக் கிடந்தது.

"எல்லாம் போனதுக்கா. இனிமே போகாது."

அலமாரியின் அடியில் ஒரு மெல்லிய கரை தெரிந்தது. அதை எடுக்கச் சொன்னாள். விரித்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு மண் பாதை, ஓரத்தில் வேலி, நடுநடுவே பூவரச மரத்து நிழல். எங்கோ வடை சுடும் வாசனை. பாதை சரியாக இரண்டு பேர் நடக்கிற அகலம். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெளிச்சத்திலும் நன்றாகவே இருந்தது.

"இதையே குடுத்துருங்க."

"ஜோடியா இறங்கினாத்தான்கா இதைத் தருவோம். தனி ஆளுக்குக் கிழிச்சுக் குடுக்கிறதில்ல."

செண்பகவல்லி மேல்தளத்துக்குப் போனாள். வரிசைகளுக்கு நடுவே நடந்து நாற்காலிக்கு முன்னால் வந்தாள். ஒரு கரை எடுத்திருக்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்துதான் இறங்க வேண்டுமாம் என்றாள். தலை மறைக்கிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று பின்வரிசை நீதிபதி சொன்னார். ஆடாத பொருளை இடம் மாற்றும் உத்தேசம் நிர்வாகத்துக்கு இல்லை என்று கேப்டன் சொன்னார். அவர் எழுந்தால் கப்பலில் ஒரு வயிறுகூடத் தாங்காதாம்.

கோமதிநாயகம் உதட்டை மட்டும் அசைத்தார்.

"நீ போயிட்டு வா."

செண்பகவல்லிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அத்தனை பேரும் பார்க்கிறார்கள் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பார்த்தவர்கள் அவளைப் பார்க்கவும் இல்லை.

"ஒங்களைப் பாத்துக்கிட்டே இருந்தா குமட்டல் நிக்குது. அதுக்காக ஆயுசுக்கும் பாத்துக்கிட்டே இருக்க முடியுமா? இந்த ஒரு தடவை வரக் கூடாதா?"

அவர் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எந்திச்சா விழுந்துருவேன். தலை சுத்துது."

"எப்பலருந்து?"

"கல்யாணத்தன்னைக்கு மணவறையைச் சுத்துனோம்லா. அப்பலருந்து."

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. விரலைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். அவள் உடனே எழுந்து பந்தியைப் பார்க்கப் போனாள். அவர் உட்கார்ந்தவர்தான்.

"ஏன் சொல்லலை?"

"சொல்லுததுக்கு ஆளு ஒரு இடத்துல நிக்கணும்லா. நீ எங்கயாச்சும் போயிக்கிட்டே இருந்த."

"நீங்கதான போகச் சொன்னீங்க."

"ஆமா."

செண்பகவல்லி நின்றாள். அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். கால் தானாகவே வாசலைப் பார்த்துத் திரும்பியது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது போலவும், யாரோ கூப்பிடுவது போலவும் இருந்தது. அவள் போகவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அவருக்கு முன்னால் நின்றாள்.

கோமதிநாயகம் அவளைப் பார்த்தார். பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

முன்வரிசை முழுக்க ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டது. தேனிலவு ஜோடி ஒருவர் மேல் ஒருவர் வாந்தி எடுத்து, அன்றுதான் சரியாக அறிமுகமாகிக்கொண்டது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. சமையலறையிலிருந்து நங்கூரம் இடியாப்பத்தோடு உருண்டு வந்து தளத்தைக் கடந்து போனது. இஸ்திரிக்குப் போன அடிவானமும் அப்போதுதான் வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு மடிப்பு போகவே இல்லை.

ஆடாத பொருள் எழுந்திருப்பதற்கு விதியில் இடமில்லை என்று கேப்டன் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சொன்னார்.

கோமதிநாயகம் சட்டையில் இருந்த வில்லையை உரித்து அவர் கையில் கொடுத்தார்.

"நாங்க போயிட்டு வாரோம்."

'நாங்க' என்று அவர் சொல்லிச் செண்பகவல்லி கேட்டதில்லை. அந்த நேரத்தில் அவள் நகர்ந்திருந்தால் அவர் விழுந்திருப்பார். அதனால் சந்தோஷத்தையும் நின்றபடியேதான் பட்டாள்.

விற்பனையாளர் கரையைக் கொண்டுவந்து கப்பலின் விளிம்பிலிருந்து கடல்மேல் ஓடவிட்டார். ஒரு ஓரத்தை அவர் பிடித்துக்கொள்ள, மற்றது விரிந்து விரிந்து போய் வெயிலில் மறைந்தது. இருவரும் இறங்கினார்கள். சேர்ந்து ஓர் அடி வைத்தார்கள். உடனே அவருக்குத் தலை சுற்றியது, அவளுக்குக் குமட்டியது. இரண்டு பேரும் ஆடினால் யாரை யார் பார்ப்பது?

அதற்கும் ஒரு வழி இருந்தது. அவள் நின்றாள், அவர் அவளைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு அவர் நின்றார், அவள் அவரைப் பார்த்துக்கொண்டே வந்து, அவரைக் கடந்து, திரும்பி நின்றாள். மறுபடி அவர் அவளைப் பார்த்து வந்தார். ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் ஒரு கணம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பாதையின் அகலம் அதற்குச் சரியாக இருந்தது.

பின்னாலிருந்து விற்பனையாளர் குரல் கொடுத்தார்.

"அவசரமில்லக்கா. முந்தி வரைக்கும் பாத்துட்டே சொல்லுங்க."

பூவரச நிழலில் கடக்கும்போது கோமதிநாயகம் காலடியைக் குனிந்து பார்த்தார்.

"கரை நல்லாயிருக்கு" என்றார்.

பதில் சொல்வதற்குள் கணம் முடிந்துவிட்டது. அடுத்த தடவை அவரைக் கடக்கும்போதுதான் அவளால் சொல்ல முடிந்தது.

"முந்தி இன்னும் நல்லாயிருக்கும்."

அதற்கு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துகொள்ள, செண்பகவல்லி கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி நின்றாள்.