கறி கெடவில்லை

விடுமுறைக்கு வந்த அண்ணன் விருந்தன்று காலையில் முதல் வேலையாகப் பரணில் ஏறி, பள்ளிக்கூட நாட்களில் ஆடிய வீடியோ கேம் பெட்டியை இறக்கினான். கேசட் செருகும் இடத்தில் இருந்த மூடி எப்போதோ உடைந்துபோயிருந்தது. அவன் கேசட்டின் அடியில் வாயை வைத்து ஊதினான். தூசியோடு பறந்த ஒரு கரப்பான்பூச்சிக் கால் அவன் மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. அதைப் புறங்கையால் தள்ளிவிட்டு மறுபடியும் ஊதினான்.

"பாருடி, இன்னும் உயிரோட இருக்கு!" என்று கத்தினான். டிவியில் கட்டங்கட்டமான குட்டி வீரன் ஒருவன் குதித்தான். கடைசிக் கோட்டையை அண்ணன் சின்ன வயதில் தாண்டியதே இல்லை. நடுவில் அணைத்தால் எல்லாம் போய்விடும், முதல் கோட்டையிலிருந்து தொடங்க வேண்டும். அவனுக்குக் கல்யாண வயதாகிவிட்டது. அவனுக்குக் கீழே நூறு பேர் வேலை செய்கிறார்களாம்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு வேலை இருந்தது. அம்மாவுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வாசனையே தெரிவதில்லை. நான் மட்டும்தான் அதை அறிவேன். வாங்கி வந்த இறைச்சியை நான்தான் முகர்ந்து பார்த்தேன். வெங்காயம் பதமாகச் சிவந்ததா, அடி பிடிக்கிறதா என்பதெல்லாம் நான் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். "அத்தைக்கு மட்டும் தெரியக்கூடாது" என்று அம்மா அன்றும் சொன்னாள். விருந்துச் சமையலை ஒரு தடவை அத்தையிடம் விட்டால் போதும், அதற்கப்புறம் தன் வீட்டு அடுப்பைத் தொடுவதற்கே அம்மா அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

கறி நன்றாக இருந்தது. அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முந்தின நாள் எனக்கு லேசான ஜலதோஷம்.

அத்தை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டாள். கூடத்தைத் தாண்டி நேரே அடுப்புக்கு வந்து மூடியைத் தூக்கினாள்.

"என்ன இது, பொண நாத்தம் அடிக்குது! கறி கெட்டுப்போச்சு."

"இல்லையே அண்ணி, காலைல வாங்கினதுதானே" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நானும் குனிந்தேன். நாற்றம் இருந்தது. அழுகிய, இனிப்பு கலந்த, தொண்டையில் போய் உட்காருகிற நாற்றம். காலையில் எனக்குத் தெரியாமல் போயிற்றா? அல்லது கூடத்தில் எழுந்த நாற்றம் இங்கே வந்ததா?

"என்னடி சந்தேகம், வாயத் தொறந்து சொல்லேன்" என்றாள் அத்தை. வீட்டில் எனக்குச் 'சந்தேகம்' என்றுதான் பெயர்.

"கொஞ்சம் பொறுங்க அத்தை. பாத்துட்டு வரேன்."

"இதுல பாக்க என்ன இருக்கு? எல்லாருக்கும் வயித்தால போனதுக்கு அப்புறம் பாப்பியா? நான் கொட்டிட்டு வேற பண்றேன்." அத்தை புடவையை இழுத்துச் செருகினாள்.

நான் மாலை வகுப்பில் மின்சாதனப் பழுதுபார்ப்பு படிக்கிறேன். எது கெட்டிருக்கிறது என்று தெரியாதபோது ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அங்கே முதல் பாடம். வெளியே போய் மூக்கைச் சிந்தினேன். ஒரு துண்டுக் கறியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் மொட்டைமாடியில் முகர்ந்தேன். மிளகும் வெங்காயமும்தான் மணத்தன. இறங்கி வந்து சாக்கடைக் குழாய், குப்பைத் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி என்று பார்த்தேன். அண்ணனின் காலுறையைக்கூட விடவில்லை. அது மோசம்தான், ஆனால் வேறு மாதிரி மோசம்.

கூடத்தில் டிவியை நெருங்க நெருங்க நாற்றம் கூடியது. அதற்கு மேலே வாசனைத் திரவியம் வேறு. அண்ணனின் சென்ட் பாட்டில் மூடி திறந்தபடி கேம் பெட்டியின் பக்கத்தில் கிடந்தது.

"அண்ணா, இதுக்குள்ளேர்ந்துதான் நாத்தம் வருது."

"தெரியும்" என்றான். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுமா?"

"காலைலயே வந்துச்சு. பல்லி கில்லி ஏதாச்சும் செத்திருக்கும். சூடாக சூடாக வருது. கடைசிக் கோட்டைல இருக்கேன், தொந்தரவு பண்ணாத."

"அங்க அம்மா வச்ச கறிய அத்தை கொட்டப் போறாங்க."

"கொட்டட்டுமே. வெளில வாங்கிக்கலாம்." ஜாய்ஸ்டிக்கை விட்ட இடைவெளியில் அதே விரல்களால் உருளைக்கிழங்கு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். உப்பை நக்கிவிட்டு மறுபடி பட்டனில் கைவைத்தான்.

சமையலறையில் பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது. நான் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"அடிப்பாவி!" அண்ணன் எழுந்தான். "ஒரே ஒரு அடி பாக்கி இருந்துச்சுடி!"

என் வகுப்புப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினேன். கத்தலைக் கேட்டு, கறிப் பாத்திரத்தைத் துணியோடு பிடித்தபடி அத்தை வந்து நின்றாள். பின்னால் அம்மா. தட்டைத் தூக்கியதும், துண்டுதுண்டாகக் கடித்த காகிதக் கூட்டுக்குள் சுண்டெலி ஒன்று உப்பிக் கிடந்தது. போன வாரம் பரணில் எலி மருந்து வைத்திருந்தோம். சூட்டில் அதன் தோல் மின்சுற்றுப் பலகையோடு ஒட்டி, அடியில் ஏதோ கசிந்து பளபளத்தது. புழுக்கள் வெளிச்சத்துக்கு நெளிந்தன.

அண்ணன் குளியலறைக்கு ஓடினான். அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். நான் மூக்கை மூடிக்கொண்டேன். அம்மா மட்டும் பெட்டிக்கு அருகில் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்.

"சுண்டெலியா? பாவம்" என்றாள்.

அத்தை எலியை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மாவின் மூக்கு சுளிக்கவே இல்லை. பெட்டியைத் திறந்து அம்மாவின் ரகசியத்தை நானே உடைத்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு இந்த நாத்தம் தெரியலையா?"

அம்மா நிமிர்ந்தாள். "தெரியல அண்ணி. காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியறதில்ல."

"அப்ப இவ்வளவு நாளா மூக்கில்லாமலா எங்களுக்குச் சமைச்சுப் போட்ட? நல்ல கூத்து! இனிமே நான் பாத்துக்கறேன், நீ உக்காரு."

"கறி கெட்டுப்போச்சா, இல்லையா?"

அத்தை கையிலிருந்த பாத்திரத்தைக் குனிந்து பார்த்தாள்.

"கெடல இல்ல? நாத்தம் இதுலேர்ந்துதானே? அப்ப பாத்திரத்தக் குடுங்க, ஆறுது." அம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள். அத்தை அதைத் துணியோடு கொடுத்துவிட்டு, "உப்பு மட்டும் நான் பாப்பேன்" என்றாள்.

"பாருங்களேன். நாக்கு எனக்கும் இருக்கு."

எலியை நான்தான் அப்புறப்படுத்தினேன். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையில் அது இருப்பது போலவே இருந்தது. மொட்டைமாடியில் பாய் விரித்துப் பரிமாறினோம். அத்தை முதல் வாயை வெகுநேரம் மென்றாள். குறை சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. தட்டை மறுபடி நீட்டினாள்.

அண்ணன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"கேசட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான்.

அம்மா அவனுக்கு நல்ல துண்டாகப் பார்த்து வைத்தாள். "கலக்கிட்டம்மா!" என்று சொல்லி எலும்பை உறிஞ்சினான். மோவாயில் எண்ணெய் வழிந்தது. அம்மா அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'கொட்டட்டுமே' என்று அவன் சொன்னது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைம்மா" என்றான். நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.