பாசிட்டிவ் குடும்பம்

"அண்ணி, இதை நீங்க டென்ஷனா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தான் பாலசுப்ரமணியன்.

அவன் அப்படி ஆரம்பித்தால் அடுத்தவர் தலையில் எதையோ இறக்கி வைக்கப் போகிறான் என்று அர்த்தம். மமதா நிமிரவில்லை. மகள் வீணாவின் நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய தாம்பாளங்களைச் சமையலறைத் தொட்டியில் போட்டுப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டு மாத்தறதுக்கு நானும் நிருபமாவும் உக்காந்துக்கறோம். நீங்க உள்ரூம்ல ரெஸ்ட்டா இருங்க. எல்லாம் முடிஞ்சதும் சாப்பாட்டுக்கு வந்தா போதும்." நிருபமா அவன் மனைவி.

"ஏன் தம்பி, என் கைக்கு என்ன?"

கைக்கு ஒன்றும் இல்லை என்றான். வழக்கம் ஒன்று இருக்கிறது என்றான். சம்பந்தி வீட்டில் மனசு சங்கடப்படக் கூடாது, வீணாவின் நல்லதுக்குத்தான் என்றான். சுற்றிச் சுற்றி வந்தானே தவிர, விதவை என்ற சொல் மட்டும் அவன் வாயில் வரவில்லை. அது நெகட்டிவ் வார்த்தை. அவன் நெகட்டிவ் வார்த்தைகளைப் பேச மாட்டான், செய்வதோடு சரி.

பாலசுப்ரமணியனைத் தொம்மலூரில் தெரியாதவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் ஹாலை வாடகைக்கு எடுத்து, 'கஷ்ட காலத்திலும் கலகலப்பு' என்று வகுப்பு நடத்துகிறான். ஆபீசில் வேலை போனவர்கள், சர்க்கரை ஏறியவர்கள், பிள்ளைகள் பேசாமல் போனவர்கள் எல்லாரும் அங்கே வந்து கையைத் தூக்கிக்கொண்டு சத்தமாகச் சிரிப்பார்கள். மூச்சை இழுத்து நிறுத்தி, கவலையை நினைத்து, அப்புறம் ஊதி வெளியே விட வேண்டும். ஊதிய கவலை எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் வீட்டுக்கு அவர்களுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இவனுடைய அண்ணன் அருண்குமார்தான் மமதாவின் கணவன். ஒரு நாள் காலையில் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை. மாரடைப்பு. அண்ணன் தினமும் மூச்சுப் பயிற்சி செய்திருந்தால் போயிருக்க மாட்டார் என்று சாவு வீட்டிலேயே, பிணத்தை எடுப்பதற்கு முன்னால், நாலு பேர் காதில் விழும்படி சொன்னவன் பாலசுப்ரமணியன். அந்த நாலு பேரில் ஒருவர் அடுத்த ஞாயிறு வகுப்பில் சேர்ந்ததாகக் கேள்வி.

மமதா ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். காரியம் முடிந்த கையோடு வேலைக்குத் திரும்பினாள். லீவு தீர்ந்திருந்தது, வீணா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், வேறு வழியில்லை. வருகிறவர்களிடம் சிரித்த முகமாகத்தான் டோக்கன் கொடுக்க வேண்டும், ஆஸ்பத்திரி சட்டம் அது. மத்தியானம் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் சிரிப்பாள். மைத்துனன் பார்த்தது கவுன்டரில் இருந்த சிரிப்பை மட்டும்தான். அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் அவனுடைய வகுப்புக்கு ஒரு சாட்சி ஆனாள். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, "என் அண்ணியைப் பாருங்க, புருஷன் போயும் புன்னகை போகலை" என்று கைதட்ட வைப்பான். அவளும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் போய் உட்கார்ந்தாள். தனியாக நிற்கிற பெண்ணுக்குக் குடும்பம் என்று நாலு பேர் வேண்டுமே என்ற பயம்தான் காரணம். போன வருஷம் அவள் படத்தைப் பெரிய பேனராக அடித்து மாடிப்படியில் மாட்டினான். படத்தில் அவள் நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு. அவள் வைப்பது கடுகளவு கறுப்பு ஸ்டிக்கர். இதென்ன என்று கேட்டதற்கு, நெற்றி மொட்டையாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதிரி டல் அடிக்கும் என்று டிசைன் பண்ணின பையனே சேர்த்துவிட்டான் என்றான். வியாபாரத்துக்கு அவளுக்குப் பொட்டு ஆகும். சொந்தப் பெண்ணின் நிச்சயத்துக்கு ஆகாது.

இதையெல்லாம் தாம்பாளத்தோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மமதா. சந்தைக்குப் போய்ப் பழம் பொறுக்க, தேங்காய்க்கு மஞ்சள் பூச, தட்டை விளக்கி அடுக்க இந்தக் கை ஆகிறது. எடுத்து நீட்டத்தான் ஆகாது.

வேண்டாமென்று சொல்வது உண்மையில் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒக்கலிபுரத்தில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளை ரித்விக்கின் அம்மா லட்சுமம்மா காபி கொடுத்து உபசரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனாள். "அய்யோ, நாங்க எதுவும் சொல்லலீங்க சம்பந்தி. உங்க மைத்துனரே போன் பண்ணி இப்படித்தான்னு சொன்னாரு" என்றாள். அப்படியானால் தானே உட்காரலாமா என்று மமதா கேட்டாள். லட்சுமம்மா காபி டம்ளரைத் துடைத்தாள், துடைத்த டம்ளரை மறுபடியும் துடைத்தாள்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நாலு ஜனம் வருவாங்க. சாஸ்திரிங்க ஏதாச்சும் சொல்லிட்டா? சும்னே கலாட்டா எதுக்கு, நீங்களே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றாள் கன்னடம் கலந்த தமிழில்.

சாஸ்திரிகளுக்குப் போன் போட்டாள். அவர் டிராஃபிக்கில் ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார். சாஸ்திரத்தில் இதற்கென்று ஒன்றும் கண்டிப்பாக இல்லை, அது அவரவர் குடும்ப வழக்கம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். வீட்டுப் பெரியவர் என்று இப்போது இருப்பவன் பாலசுப்ரமணியன். அவன் சம்பந்தியைக் காட்டினான், சம்பந்தி சாஸ்திரிகளைக் காட்டினாள், சாஸ்திரிகள் இவனையே காட்டினார். ஒருத்தர் மேலும் பாரம் இல்லை. மூன்று பேரும் நிம்மதியாக இருந்தார்கள். பாரம் முழுவதும் மமதாவுக்கு என்று ஒதுக்கி, அதையும் அவள் சிரித்துக்கொண்டே தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. இந்தக் கேவலத்துக்குப் பெயர் வழக்கம்.

அன்று சாயங்காலம் வீணாவிடம் சொன்னாள். பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், நாலு மொழி பேசுகிற பெண், துள்ளி எழுந்து சித்தப்பாவைக் கேட்கப் போகிறாள் என்று உள்ளூர நினைத்திருந்தாள்.

"ஒரு நாள்தானேம்மா. அவங்ககிட்ட இப்பவே மல்லுக்கு நின்னா அப்புறம் நான் அங்க போய் வாழணும். ஸ்ட்ரெஸ் பண்ணிக்காதே, ப்ளீஸ்" என்றாள் வீணா, கண்ணைப் பார்க்காமல்.

மைத்துனன் சொன்னபோது கோபம் வந்தது. இது வலித்தது. மமதா அரிசி களையப் போய்விட்டாள்.

நிச்சயதார்த்தம் தொம்மலூரிலேயே ஒரு சின்ன பார்ட்டி ஹாலில். முன்வரிசை முழுக்கப் பாலசுப்ரமணியனின் வகுப்பு மாணவர்கள். குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் அவர்களை அழைப்பது அவன் தொழில் முறை. சாப்பிட வருகிறவர்கள் கூடவே புது ஆள் ஒருவரையாவது அழைத்து வருவார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வந்திருந்த அன்னா டீச்சர், "மமதா மேடம் எங்க சார், காணோமே" என்று கேட்டதற்கு, அண்ணிக்குக் கொஞ்சம் களைப்பு, ஓய்வெடுக்கிறார்கள் என்று மலர்ந்த முகத்தோடு பொய் சொன்னான்.

உள்ரூமில் தாயும் மகளும் இருந்தார்கள். கூப்பிடும்வரை மணப்பெண் வெளியே வரக்கூடாது, அது மகளுக்கான வழக்கம். கூப்பிடவே மாட்டார்கள், அது தாய்க்கானது. மமதா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். நிச்சயத்துக்கென்று ஆசையாக எடுத்த புடவை. உள்ரூமில் உட்காரத்தானே, எதையாவது கட்டிக்கொண்டால் போதாதா என்று நிருபமா காலையில் கேட்டிருந்தாள்.

சாஸ்திரிகள் லக்கினப் பத்திரிகையைப் படித்து முடித்தார். "பொண்ணுக்கு அப்பா அம்மா ஸ்தானத்துல உட்கார்றவா வாங்கோ" என்ற குரல் கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது. ஜமுக்காளத்தில் யாரோ உட்காருவதும், நிருபமாவின் வளையல் சத்தமும் கேட்டன. மமதா மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

வீணா அம்மாவையே பார்த்தாள். அப்பா போன பிறகு தன் காலேஜ் பீஸுக்காக ஓவர்டைம் பார்த்துவிட்டு வீங்கின காலோடு வந்த அம்மாவை நினைத்தாளோ, சொந்தக் கோழைத்தனம்தான் அப்போது உறைத்ததோ தெரியாது. சட்டென்று கீழே குனிந்து அம்மாவின் கொசுவத்தை நீவி நேராக்கினாள்.

"போம்மா" என்றாள்.

மமதா எழுந்தாள். கதவைத் திறந்து, ஹாலின் நடுவே நடந்து, ஜமுக்காளத்தின் அருகில் வந்து நின்றாள். பாதி மந்திரத்தில் நாதஸ்வர ரெக்கார்டை யாரோ நிறுத்தினார்கள்.

"நிருபமா, கொஞ்சம் நகரு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து நகரச் சொன்ன பக்கமெல்லாம் நகர்ந்தே பழகியவள் நிருபமா. நகர்ந்தாள். பாலசுப்ரமணியன் மட்டும் தட்டைப் பிடித்தபடி, "அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க" என்று பல்லுக்குள் சொன்னான்.

"பாக்கட்டும். குடுங்க."

அவன் சாஸ்திரிகளைப் பார்த்தான். சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். லட்சுமம்மா தன் புருஷன் ஜெயராமனைப் பார்த்தாள். ஜெயராமன் சுழல்கிற மின்விசிறியைப் பார்த்தார். தடுக்க ஒருத்தரும் இல்லை. இத்தனை நாள் அவளை மிரட்டிக்கொண்டிருந்த வழக்கத்துக்கு அந்த ஹாலில் ஒரு சொந்தக்காரனும் இல்லை. அன்னா டீச்சர் வேறு முன்வரிசையில் கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். பாலசுப்ரமணியன் தட்டை விட்டான்.

மமதா அதை இரண்டு கையாலும் வாங்கி, "வாங்கிக்கோங்க சம்பந்தி" என்று நீட்டினாள். லட்சுமம்மா தயங்கினாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள். தேங்காய் உருளவில்லை, விளக்கு அணையவில்லை. வாங்கிக்கொண்ட பிறகு லட்சுமம்மா முகத்திலேயே ஒரு நிம்மதி தெரிந்தது.

முதலில் கைதட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? பாலசுப்ரமணியன்தான். வெட்கம் என்பது மனிதருக்கு வருவது. தட்டிய கையோடு ரெக்கார்டு போடுகிறவரிடமிருந்து மைக்கை வாங்கினான். இதுதான் நம்ம வகுப்போட பலன் என்றான். பழைய வழக்கங்களை உடைக்கிற மனோதைரியத்தை அண்ணிக்கு ஞாயிற்றுக்கிழமைகள் கொடுத்தன என்றான். முன்வரிசை கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டியது. "அண்ணி, பாசிட்டிவா ரெண்டு வார்த்தை" என்று மைக்கை அவளிடம் நீட்டினான்.

இத்தனை வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசாமலே இருந்தவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"என்னை உள்ரூம்ல உக்காரச் சொன்னதே இவருதான். புருஷன் இல்லாதவ கை தட்டைத் தொடக் கூடாதுன்னாரு" என்றாள். குரல் நடுங்கியது, அவள் அதை மறைக்கவில்லை. "எனக்கு அழுகை வந்துச்சு, கோபம் வந்துச்சு. அந்தக் கோபத்தோடதான் எழுந்து வந்தேன். சிரிச்சிக்கிட்டு வரலை."

தூக்கிய கைகள் எப்படி இறங்குவது என்று தெரியாமல் அங்கங்கே நின்றன. சாஸ்திரிகள் மட்டும் வேலையில் கண்ணாக, "சுமங்கலிகள் ரெண்டு பேர் போய்ப் பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ" என்றார். நிருபமா பாதி எழுந்தாள். மமதா மைக்கை மைத்துனன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பெண்ணை அழைத்து வரத் தானே உள்ரூமுக்குப் போனாள்.