ஏழாவது வட்டம்

மழை விடாமல் பெய்து வாவி வயிறு முட்ட நிறைந்துபோன அந்த மார்கழிக் கிழமையில், மட்டக்களப்பில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுத்தான். முகத்துவாரத்தை வெட்டுவதா, விடுவதா? வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். வயல்வட்டை முழுக்க நெல் தண்ணீருக்குள் மூச்சுத் திணறி நிற்கிறது, இன்றைக்கே வெட்டுங்கள் என்றார்கள் வேளாண்மைக்காரர்கள். இறால் இன்னும் விரலளவுக்கு வரவில்லை, இரண்டு கிழமை பொறுங்கள் என்றார்கள் வாவியில் வலை வீசுகிறவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்துவிட்டால் சண்டைக்குச் சொல்லவா வேண்டும்!

சிவானுஜா இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவளுடைய கணவன் கோகுலராஜ் ஆரையம்பதியில் வாவி மீன்தொழில் செய்கிறவன்தான், அதற்காக அவளுக்கு இறாலைப் பற்றி யோசிக்க நேரம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஊரே வெள்ளத்தைப் பற்றிப் பேச, அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது ஒளி.

வந்தாறுமூலை வளாகத்தில் அவள் பௌதிகவியல் படிப்பித்தாள். அங்கே அவளுடைய மேசையில் சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு ஒரு தகடு இருந்தது. அதன்மேல் பத்து வட்டங்கள். வெறுங்கண்ணால் பார்த்தால் ஒரு மண்ணும் தெரியாது. ஒரு தலைமயிரின் குறுக்கே அந்த வட்டங்களில் இருபதை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சின்னது. அதன்மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சினால் உள்ளே ஒரு சிவப்பு ஒளி பிறந்து, வெளியே போக மனமில்லாமல் விளிம்போரமாகவே சுற்றிச் சுற்றி ஓடும். ஓட ஓடத் தன்னைப் போலவே இன்னும் ஒளியைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ளும். கசிந்து போவதைவிடக் கூடிச் சேர்வது மிஞ்சிவிட்டால், அந்தக் கணத்திலிருந்து அது லேசர்.

தகட்டை அனுப்பியவள் நிருஷா. சிவானுஜாவோடு ஒன்றாகப் படித்துவிட்டு ஜேர்மனிக்குப் போனவள். அவள் வேலை செய்கிற ஆய்வுகூடத்தில், இதையும்விடச் சின்ன லேசர் செய்யலாமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒளிக்கென்று ஓர் அளவு இருக்கிறது, ஓர் அலையின் நீளம். அதையும்விடச் சின்ன அறைக்குள் அந்த ஒளியையே குடிவைக்க முடியுமா? உலோகத்தின் மேல்தோலில் படரவிட்டால் முடியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்ட நாளிலிருந்து சிவானுஜாவுக்கு நித்திரை பாதிதான். மாங்கொட்டைக்குள் மாமரத்தையே நிற்கவைக்கிற வேலை அல்லவா அது!

நிருஷாவின் பேராசிரியர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இந்தப் பத்து வட்டங்களில் ஒன்றையாவது லேசராக எரியவைத்துக் காட்டினால், மூன்று வருடம் அங்கே ஆய்வு செய்ய சிவானுஜாவுக்கு இடம். காட்டுவதற்கு, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துத் திரையில் வரைகிற கருவி ஒன்று கொழும்பிலிருந்து இரவலாக வந்திருந்தது. வெள்ளிக்கிழமை அது திரும்பிப் போய்விடும். அன்றைக்குத் திங்கள்.

லேசர் என்றால் திரையில் ஈர்க்குக்குச்சி நட்டதுபோல ஒரு கோடு எழும்ப வேண்டும். அவளுக்கு வந்ததெல்லாம் பிட்டு அவித்துக் கொட்டியதுபோல ஒரு மேடு. பச்சை ஒளியைக் கூட்டினால் மேடு பெருத்தது, குறைத்தால் சிறுத்தது. துடைத்தாள், திருப்பினாள், தலைகீழாக நின்றும் பார்த்தாள். பத்தில் ஒன்பது வட்டங்களும் கைவிரித்துவிட்டன. மிச்சமிருந்த ஏழாவதைப் பற்றி நிருஷா முதலே எழுதியிருந்தாள்: "விளிம்பு உடைந்தது. அதைப் பார்த்து மினக்கெடாதே."

"என்ன பிள்ள, விளக்கு பத்துதா?" என்று துறைத் தலைவர் ஏரம்பமூர்த்தி சேர் கதவால் எட்டிப் பார்த்தார்.

"இல்ல சேர்."

"மழைக்கு அதுக்கும் குளிராக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நல்ல மனிதர், ஆனால் பகிடி விடுவதற்கு நேரம் காலம் தெரியாதவர்.

பின்னேரம் செங்கலடியில் பஸ் ஏறியபோது யன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்திருந்தது. விரலால் ஒரு வட்டம் துடைத்து வெளியே பார்த்தாள். தெருவின் இரண்டு பக்கமும் வயல் எது வானம் எது என்று தெரியாத சாம்பல் வெள்ளம். பஸ் போவதாகவே தெரியவில்லை, தண்ணீர்தான் நகர்ந்து போனது. கண் சொருகியது. அவள் ஒரு கோயிலின் உள்வீதியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவளைப் போலவே ஒருத்தி வந்து கையைக் கோத்துக்கொண்டாள். இரண்டு பேர், நாலு பேர், பிறகு எண்ண முடியாத கூட்டம். ஒரே அடி, ஒரே மூச்சு. உள்ளே பெருந்திருவிழா. மதிலுக்கு வெளியே தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வெளியே நிற்கிற ஒருவருக்கும் உள்ளே நடப்பது தெரியவில்லை. மதிலில் வாசலைத் தேடினாள், வாசலே இல்லை.

விழித்தபோது பஸ் கல்லடிப் பாலத்தில் நின்றது. அப்போதுதான் தன் நெஞ்சுக்குள் ஒரு சின்ன ஆறுதல் ஒளிந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். கோடு வராவிட்டால் போகத் தேவையில்லை. கோகுலை விட்டுவிட்டு மூன்று வருடம் இருக்கத் தேவையில்லை. படிக்கிற காலத்திலிருந்து கண்ட கனவுக்கு எதிராகத் தன் மனமே இப்படிக் கள்ளத்தனம் பண்ணுகிறதே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்குள் கட்டியிருந்த கொடியெல்லாம் ஈரத் துணி. இந்த மழைக்கு இடுப்பில் உடுக்கிற ஒரு சாரம் காயவே இரண்டு நாள் வேண்டும். அடுப்புக்கு மேலே தனியாக ஒரு கொடி கட்டி, பழைய சாக்கால் மூடி, கனமாக ஏதோ தொங்கியது.

"என்ன அது?"

"தோணி இஞ்சின மூடுற துணி," என்றான் கோகுலராஜ். "நூல் வாங்க டவுனுக்குப் போனன், அப்பிடியே அதையும் வாங்கித் தோய்ச்சுப் போட்டன். நீ கையக் கழுவிட்டு வா கா, சோறு ஆறுது."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இருந்தால்தானே.

"இண்டைக்கும் வரல்லியா?"

"ஒன்பதும் பாத்தாச்சு. ஒண்டிலயும் வரல்ல."

கோகுல் மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தான். "உள்ளுக்க லைற் பத்தவே இல்லியா, இல்லாட்டி பத்தினது வெளியில தெரியல்லியா?"

"ரெண்டும் ஒண்டுதான்," என்றாள் அவள், வகுப்பில் பேசுகிற குரலில். சொன்ன பிறகு, அது அவ்வளவு சரியில்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. களைப்பில் விட்டுவிட்டாள்.

"கோடு வந்தா மூணு வருஷம்," என்றாள். "நீங்களும் வாங்களன்."

"நான் அங்க வந்து என்னத்தப் பிடிக்கிற? ஐஸ் கட்டியவா?"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

செவ்வாயும் பிட்டு மேட்டோடு போயிற்று. அன்று பின்னேரம், இனிப் பொறுத்தால் வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று மீன்தொழில்காரர்களும் இறங்கிவந்தார்கள். புதன் விடியற்காலை முகத்துவாரத்தை வெட்ட முடிவாயிற்று. மனம் வெறுத்துப் போயிருந்த சிவானுஜா, வளாகத்துக்குப் போக முதல் தானும் வருகிறேன் என்று கோகுலின் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டாள்.

"உங்கட இறாலெல்லாம் போயிடுமே," என்றாள் வழியில்.

"போகட்டும். கடலுக்குப் போனாத்தானே அது முட்டை வைக்கும். வாவிக்குள்ளயே வெச்சிரிந்தா கறிக்குத்தான் ஆகும். மறுகா அதுட குஞ்செல்லாம் இந்த வாயாலதான் உள்ள வரும்."

வெட்டுவதற்கென்று வந்த பெக்கோ இயந்திரம் பாதி வழியில் சேற்றில் புதைந்து, அதைத் தோண்டி எடுக்க ஆள் வேண்டியதாயிற்று. கடைசியில் பழையபடி மண்வெட்டிதான். மழை ஓய்ந்து, கடலும் வாவியும் மேகமும் ஒரே பால்நிறத்தில் கிடந்தன. கோகுல் மணலைப் பார்த்தபடியே நடந்தான். ஓரிடத்தில் நின்று காலால் அழுத்தினான்.

"இதில வெட்டுங்க."

"அங்கால இன்னும் ஒடுக்கமா இரிக்கே," என்றாள் சிவானுஜா.

"ஒடுக்கமா இரிந்தாலும் அது இறுகின மண். போன வருஷம் இதிலதான் உடைஞ்சது. உடைஞ்ச இடத்துக்குத் தண்ணியோட பழக்கம் இரிக்கி. சும்மா ஒரு கீறல் போதும். அகலமா வெட்டினா வாவி வத்திப் போகும்."

ஒரு மண்வெட்டி அகலத்துக்குத்தான் வெட்டினார்கள். முதலில் ஒரு விரல் தண்ணீர், வழி தெரியாததுபோல மணலைத் தடவித் தடவி வந்தது. பிறகு ஒரு கை. பிறகு கரை இரண்டும் தானாகக் கரைந்து விழ, அவ்வளவு பெரிய வாவியின் பாரமெல்லாம் அந்த ஒரு கீறலைத் தேடி வந்தது. இத்தனை நாளும் அசைவில்லாமல் கிடந்த தண்ணீர் ஒரே திசையில், ஒரே சத்தத்தில் கடலுக்குள் பாய்ந்தது. சிவானுஜா வாயைப் பிளந்தபடி நின்றாள். தண்ணீர் நேற்றும் இருந்தது. முந்தாநாளும் இருந்தது. கடலில் நின்று பார்த்த ஒருவனுக்கு மட்டும் அது தெரிந்திருக்காது.

கனவில் கண்ட மதிலும் வாசலும் நினைவுக்கு வந்தன. பத்தவே இல்லையா, தெரியவில்லையா என்று சோற்றுக்கு முன்னால் இருந்து கோகுல் கேட்ட கேள்வியும் வந்தது.

"நான் போறன்," என்றாள்.

"எங்க?"

"ஏழாவதுக்கு!"

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

நுணுக்குக்காட்டிக்குக் கீழே ஏழாவது வட்டம் எலி கடித்த அப்பளம்போல ஓரத்தில் ஒரு சின்ன வெட்டோடு கிடந்தது. மற்ற ஒன்பதும் அப்பழுக்கில்லாத வட்டங்கள். அதுதான் வினை. ஒரு குறையும் இல்லாததால் அவற்றின் ஒளி சுற்றிவர எல்லாப் பக்கமும் சமமாக, ஒரு பக்கமும் போதாமல் கசிந்திருக்கும். ஏழாவதுக்கு ஒரு வாய் இருந்தது. அந்த வாய் எந்தத் திசையில் இருக்கிறதோ அங்கே, ஒளியை வாங்கிப் போகிற கண்ணாடி இழையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தூசியைவிடச் சின்ன வாய். புதன் முழுவதும் அதிலேயே போயிற்று. வியாழன் மதியம் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கவே இல்லை. பச்சை ஒளியை மெல்ல மெல்லக் கூட்டினாள். பிட்டு மேடு. இன்னும் கொஞ்சம். மேடுதான். இன்னும் ஒரு நூல் கூட்டினாள்.

மேட்டின் நடுவிலிருந்து கோடு எழும்பி நின்றது.

குறைத்தாள், படுத்துவிட்டது. கூட்டினாள், எழும்பியது. ஈர்க்கைப் போல மெல்லிசாக, ஆடாமல் அசையாமல் நின்றது. சிவானுஜாவுக்குக் கத்தத் தோன்றவில்லை. கதிரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஓர் உள்வீதியில் திருவிழாக் கூட்டம் வாசலைக் கண்டுபிடித்து வெளியே வந்துகொண்டிருந்தது. சந்தோசமாக இருந்தது, அதற்குள்ளேயே துக்கமும் இருந்தது. ஏரம்பமூர்த்தி சேர் வந்து திரையைப் பார்த்து, பகிடி ஒன்றும் விடாமல், அவளுடைய தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

கோகுலுக்குப் போன் எடுத்தாள். "கோடு வந்திட்டு."

அந்தப் பக்கத்தில் வாவிக் காற்று இரைந்தது. "வந்திட்டா? நல்லம் கா, நல்லம். கெதியா வீட்ட வா, மழை இருட்டுது."

அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மழை அடித்து ஊற்றத் தொடங்கியது. கோகுல் இரண்டு கையிலும் ஏந்தியபடி ஒரு கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்தான். தடித்த பழைய கோட்டு, குளிர் நாட்டில் யாரோ போட்டுக் கழித்தது.

"இப்பதான் டவுனில வாங்கினன், நீ போன் எடுத்த கையோட," என்றான். "அங்க இப்ப பனி கொட்டுமாமே."

அவள் வாங்கிப் பார்த்தாள். கோட்டு சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. பக்கத்துக் கொடியில் நேற்றுத் தோய்த்த அவனுடைய சாரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கோட்டை மூக்கருகே கொண்டுபோனாள். விறகுப் புகை மணந்தது. அடுப்புக்கு மேலே பார்த்தாள். கொடியில் சாக்கு மட்டும் வெறுமையாகத் தொங்கியது.

திங்கட்கிழமை. ஒன்பதும் கைவிட்டு, தோற்றதில் அவள் களவாக ஆறுதல்பட்டுக்கொண்டு வந்த அந்தத் திங்கட்கிழமையே இவன் இதை வாங்கித் தோய்த்து அடுப்புக்கு மேலே ஏற்றியிருக்கிறான்.

"இஞ்சின் மூடுற துணியா இது?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

கையும் களவுமாகப் பிடிபட்ட கோகுல் தலையைச் சொறிந்தான். "கோடு வராட்டி இஞ்சினத்தான் மூடியிரிப்பன்," என்றான். "நீ அறிஞ்சிரிக்கவே மாட்டாய். என்னால நிண்டுபோனாய் எண்டு மட்டும் இரிக்கப்படாது, சிவா."

அவள் அந்த அடுப்படி வெக்கைக்குள் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவன் தோளில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள். கோட்டின் கை இரண்டும் விரல் நுனி வரைக்கும் நீண்டு தொங்கின. கோகுல் அவற்றை மடித்துவிட்டு, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டத் தொடங்கினான்.